வாசலோரத்து அல்பேர்ட்டா ஸ்புரூஸ் ஏன் காய்கிறது

ரொறன்ரோப் பகுதியில் ஸ்காபரோ, மார்க்கம், பிராம்டன் பக்கத் தெருக்களில் வாசற்படிக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொன்றாகக் காவல் நிற்கும் கூம்பு மரங்களைப் பார்த்திருப்பீர்கள். இடுப்பளவு உயரம், பஞ்சு போல அடர்ந்த சின்ன ஊசியிலைகள், கத்தரிக்காமலே கத்தரித்த மாதிரி ஒரு வடிவம். ட்வார்ஃப் அல்பேர்ட்டா ஸ்புரூஸ் என்று நேர்சரியில் எழுதியிருப்பார்கள். அதே தெருவில் ஒரு பக்கம் பச்சையாகவும் மறுபக்கம் செம்பட்டையாகவும் நிற்கும் சோடியையும் பார்க்கலாம். கேட்டால், "போன வின்டர் கடும் குளிர், பட்டுப்போச்சு" என்பார்கள்.

குளிர் இந்த மரத்தை ஒன்றும் செய்யாது. இதன் பிறப்பிடம் ரொக்கி மலைத்தொடர். 1904ஆம் ஆண்டு, பொஸ்ரனில் உள்ள ஆர்னோல்ட் ஆர்பொரேற்றம் என்ற மரத்தோட்டத்தைச் சேர்ந்த ஜே. ஜி. ஜாக், அல்பிரட் ரேடர் என்ற இருவர் அல்பேர்ட்டாவில் லாகன் என்ற இடத்துக்கு அருகே இதைக் கண்டெடுத்தார்கள். இன்றைக்கு லேக் லூயிஸ் என்று நாம் படம் எடுக்கப் போகிற இடம்தான் அது. சாதாரண வெள்ளை ஸ்புரூஸ் இருபது மீற்றருக்கு மேலே போகும் மரம்; அதில் இயற்கையாகவே குட்டையாகிப்போன கன்றுகள் இவை. இன்று கடைகளில் விற்பது எல்லாம் அந்த வழியில் தண்டு வெட்டி வேர்பிடிக்க வைத்தவை. மைனஸ் 35 பாகையைத் தாங்குகிற மரம் ரொறன்ரோக் குளிரில் சாவதற்கு நியாயமில்லை.

இதைக் கொல்வது வறட்சியும் சூடும். அந்த இரண்டும் வருவது நாங்கள் தெரிவுசெய்யும் இடத்தால். சுவரோடு ஒட்டி, கூரை விளிம்புக்குக் கீழே, தெற்கையோ மேற்கையோ பார்த்த வாசலில் வைத்த கன்றுக்கு மழைத்தண்ணீர் விழாது. சமரில் செங்கல் சுவர் பகல் முழுக்க வாங்கிய சூட்டை இரவிலும் விட்டுக்கொண்டிருக்கும். பெப்ரவரி, மார்ச்சில் வெய்யில் சுவரிலும் ஸ்னோவிலும் பட்டுத் தெறித்து அதே பக்கத்தைச் சுடும். போதாததற்கு, காய்ந்த மரத்தைத்தான் சிலந்திப் பேன் தேடி வரும். மருந்து, பசளை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

வைக்கும் இடம்

இதன் வளர்ச்சி வருடத்துக்கு 5 முதல் 10 சென்ரிமீற்றர். அமெரிக்கக் கொனிஃபர் சங்கத்தின் வகைப்படுத்தலில் வருடத்துக்கு 2.5 முதல் 15 சென்ரிமீற்றர் வளர்வதுதான் 'ட்வார்ஃப்'. அதாவது மெதுவாக வளரும் என்பதுதான் கணக்கு, வளராது என்பதல்ல. சில பத்து வருடங்களில் 3 மீற்றர் உயரமும் ஒன்றரை மீற்றருக்கு மேல் அகலமும் வரும். முழங்கால் உயரக் கன்றைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நட்டால் பின்பக்கம் காற்றும் வெளிச்சமும் இல்லாமல் மொட்டையாகும்; மொட்டையான பக்கம் திரும்பித் துளிர்க்காது. சுவரிலிருந்து குறைந்தது 1.2 மீற்றர் விடுங்கள். அந்தத் தூரம் கூரை விளிம்பையும் தாண்டிவிடும், மழையும் கிடைக்கும்.

கிழக்குப் பார்த்த இடம் மிக நல்லது. காலை வெய்யில் ஐந்தாறு மணித்தியாலம் பட்டு, மத்தியானத்துக்குப் பிறகு நிழல் விழுந்தால் சொல்லி வேலையில்லை. முழு நிழலில் ஊசியிலை ஐதாகி, மரம் வெளிச்சத்தின் பக்கம் சாயும். கூரைத் தண்ணீர்க் குழாய் கொட்டுகிற இடத்தையும், பேஸ்மென்ற் தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்பின் தண்ணீர் வந்து தேங்குகிற இடத்தையும் விட்டுவிடுங்கள். வறட்சி பிடிக்காது என்பதற்காக நின்ற தண்ணீர் பிடிக்கும் என்று நினைக்கக்கூடாது. வேர் அழுகினால் அதுவும் மேலே செம்பட்டையாகத்தான் தெரியும், ஆட்கள் இன்னும் தண்ணீர் விடுவார்கள்.

சைட்வோக்குக்குப் பக்கத்தில் வைத்தால் உப்பு. றோட்டு உப்பும், நாங்கள் படியில் தூவுகிற உப்பும் ஸ்னோவோடு சேர்த்துச் சவளால் அள்ளி மரத்தடியில் கொட்டப்படும். அந்தப் பக்கத்தில் ஊசியிலை நுனியிலிருந்து காயத் தொடங்கினால் முதலில் உப்பைச் சந்தேகியுங்கள். படிக்கு மணல் போடலாம். ஏப்ரலில் மண் இளகியதும் மரத்தடியில் இரண்டு மூன்று தரம் தாராளமாகத் தண்ணீர் விட்டு உப்பைக் கீழே இறக்கலாம். நிலத்திலிருந்து ஓரடி உயரத்துக்கு மட்டும் ஒரே பக்கம் காய்ந்திருந்தால் அது தெருவில் போகும் நாயின் வேலை. அதற்கு மருந்து கிடையாது, சின்ன வேலிதான்.

வாங்கும்போது

வெளிப் பச்சையைப் பார்த்து ஏமாற வேண்டாம். கொப்புகளை இரண்டு கையாலும் விலக்கி உள்ளே பாருங்கள். நடுத்தண்டோடு சேர்ந்த பகுதியில் பழைய ஊசியிலை கபிலமாகி உதிர்ந்து கிடப்பது இயல்பு. வெளிச்சம் படாத பழைய இலையை மரமே கழிக்கும். ஆனால் வெளிக் கொப்பில், போன வருட இலையில் ஊசி குத்தின மாதிரி வெள்ளைப் புள்ளிகளும் தூசி படிந்த நிறமும் இருந்தால் அந்தக் கன்றை வைத்துவிட்டு வாருங்கள். சாடியைத் தூக்கிப் பாருங்கள். இறகு போலக் கனமில்லாமல் இருந்தால் கடைக்காரர் நாட்கணக்கில் தண்ணீர் காட்டவில்லை. ஊசியிலை மரம் காய்ந்ததை உடனே காட்டாது. இலை வாடித் தொங்குகிற பழக்கம் இதற்கு இல்லை. செத்து மூன்று நான்கு கிழமைக்குப் பிறகுதான் நிறம் மாறும். தள்ளுபடியில் வாங்கி வீட்டுக்கு வந்து காய்கிற கன்றுகளில் பல, கடையிலேயே செத்தவை.

இரண்டடிக் கன்றுக்கு இவ்வளவு விலையா என்று மலைக்கத் தேவையில்லை. வருடத்துக்கு இரண்டு முதல் நான்கு அங்குலம் வளர்கிற மரத்தை அந்த உயரத்துக்குக் கொண்டுவர எத்தனை வருடம் சாடியில் வைத்துப் பார்த்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டால் விளங்கும். சுருள் வடிவில் வெட்டியவை இன்னும் விலை. அந்தச் சுருளைக் காப்பாற்ற ஒவ்வொரு ஜூனிலும் கத்தரிக்க வேண்டும், ஒரு வளையம் காய்ந்தால் முழுவதும் அலங்கோலம். பொறுமை இல்லாதவர்கள் சாதாரணக் கூம்போடு நிற்பது நல்லது.

நடும் முறை

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை ஒரு காலம், ஓகஸ்ட் கடைசியிலிருந்து செப்ரெம்பர் கடைசி வரை இன்னொரு காலம். ஒக்ரோபர் நடுப்பகுதிக்குப் பிறகு நட்டால் மண் உறைவதற்கு முன் வேர் பிடிக்க நேரம் காணாது. தோண்டுவதற்கு முன் ஒன்ராறியோ வன் கோல் (Ontario One Call) சேவைக்குச் சொல்லி, நிலத்தடிக் காஸ் குழாயும் வயரும் போகிற இடத்தைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். அது இலவசம்.

புதுச் சப்டிவிஷன் வீடுகளில் மேலே ஒரு சாண் கறுப்பு மண், அதற்குக் கீழே இயந்திரம் ஏறி இறுக்கிய களி. ஓரடி ஆழக் கிடங்கு வெட்டித் தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பிப் பாருங்கள். மணித்தியாலத்துக்கு 2 சென்ரிமீற்றராவது இறங்கினால் சரி. இறங்கவில்லை என்றால் கிடங்கு வெட்டாமல் 20 முதல் 30 சென்ரிமீற்றர் உயரத்துக்கு அகலமான மேடு கட்டி அதில் நடுங்கள்.

கிடங்கு வேர்க்கட்டியைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலம், ஆழம் மட்டும் வேர்க்கட்டி அளவு. களிமண் என்றால் வேர்க்கட்டியின் மேல்விளிம்பு நிலமட்டத்துக்கு 2 அல்லது 3 சென்ரிமீற்றர் மேலே நிற்க வேண்டும். மண் அமுங்கும்போது சரியாகிவிடும். சாடியைக் கழற்றினதும் வேர் சுற்றிச்சுற்றிப் பாய் பின்னியிருப்பது தெரியும். பாவம் பார்க்காமல் கூரான கத்தியால் மேலிருந்து கீழ் நான்கு பக்கமும் 2 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் கீறுங்கள், அடியில் சுருண்டிருப்பதைச் சீவி எறியுங்கள். அப்படியே வைத்த கன்று இரண்டு வருடம் பச்சையாக நின்றுவிட்டு மூன்றாம் சமரில் காயும். பிடுங்கிப் பார்த்தால் வேர் இன்னும் சாடியின் உருவத்திலேயே இருக்கும். சாக்கில் கட்டி வந்த பெரிய மரம் என்றால், கிடங்கில் இறக்கிய பிறகு கயிற்றையும் கம்பியையும் வெட்டி, சாக்கின் மேல்பாதியை அகற்றிவிட வேண்டும்.

தோண்டிய மண்ணையே திருப்பிப் போடுங்கள். பை பையாகப் பீற் மொஸ்ஸும் கொம்போஸ்டும் கலந்தால் களிமண் நடுவே ஒரு தொட்டி உண்டாகி, மழைத்தண்ணீர் அதில் வந்து நிற்கும். கொம்போஸ்ட் போட ஆசையென்றால் மேலே ஓரங்குலம் பரப்பலாம். அதற்கு மேல் மரச்சீவல் மல்ச் 5 முதல் 8 சென்ரிமீற்றர். தண்டைச் சுற்றி ஒரு கையகலம் வெறுமையாக இருக்கட்டும். தண்டோடு குவித்தால் பட்டை அழுகும், எலி கூடுகட்டும்.

முதல் வருடம் பசளை வேண்டாம். பிறகும் மே தொடக்கத்தில் மெதுவாகக் கரையும் குருணைப் பசளை பைக்கற்றில் சொன்ன அளவில் பாதி போதும். ஜூலைக்குப் பிறகு போட்டால் இளங்குருத்து முற்றாமல் வின்டருக்குள் போய் மாட்டிக்கொள்ளும்.

தண்ணீர்: முதல் சமரில் கிழமைக்கு ஒரு தரம் 10 முதல் 15 லீற்றர், வெக்கை அடித்தால் இரண்டு தரம். விரலை மண்ணுக்குள் 5 சென்ரிமீற்றர் விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் இன்னும் இரண்டு நாள் பொறுக்கலாம். ஹோஸ் பைப்பை வேரடியில் மெல்லிய ஓட்டத்தில் இருபது நிமிடம் விடுவது, தினமும் மாலையில் மேலால் தெளிப்பதைவிடப் பல மடங்கு பலன். புல்லுக்கு வைத்திருக்கும் ஸ்பிரிங்ளர் மல்ச்சைத்தான் நனைக்கும். அடர்ந்த கொப்பே குடையாக இருந்து மழையையும் தட்டிவிடும், எனவே "நேற்று மழை பெய்ததே" என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு வருடம் இப்படிக் கவனித்தால் பிறகு நீண்ட வறட்சிக்கு மட்டும் போதும்.

சிலந்திப் பேன்

இந்த மரத்தின் பரம எதிரி ஸ்புரூஸ் மைற் என்ற சிலந்திப் பேன். கொப்பில் இருக்கும்போது கண்ணுக்குத் தெரிவது அரிது. இதில் பலருக்குத் தெரியாத விஷயம், இது குளிர்ந்த பருவத்துப் பேன். கொப்பில் முட்டையாக வின்டரைக் கழித்து ஏப்ரல் கடைசி, மே மாதத்தில் பொரிக்கும். மே, ஜூனில் பெருகும். கடும் வெக்கையில் அடங்கிக் கிடக்கும். செப்ரெம்பரில் மறுபடி எழும்பும். ஆனால் ஊசியிலை செம்பட்டையாவது பெரும்பாலும் ஜூலையில்தான். அப்போதுதான் ஆட்கள் மருந்தோடு ஓடிவருவார்கள், பேன் தன் வேலையை முடித்து ஒரு மாதமாகியிருக்கும்.

ஆகவே மே முதற்கிழமையிலிருந்து பத்து நாளைக்கு ஒரு தரம் சோதியுங்கள். வெள்ளைக் கடதாசி ஒன்றைக் கொப்புக்குக் கீழே பிடித்து, பென்சிலால் கொப்பை நாலு தட்டுத் தட்டுங்கள். தூசும் இலைத்துண்டும் விழும். கடதாசியைச் சாய்த்து அவற்றை ஊதிவிட்டு அரை நிமிடம் பொறுத்துப் பாருங்கள். மிளகாய்த் தூள் மணியைவிடச் சின்னதாக, கரும்பச்சையாகவோ கபிலமாகவோ சில புள்ளிகள் மெதுவாக ஊரத் தொடங்கும். விரலால் அதன்மேல் ஒரு இழு இழுத்தால் பச்சைக் கோடு விழும். மரத்தின் சாறு அது. விறுவிறென்று ஓடுகிறவை நல்ல பேன்கள், மற்றவற்றைப் பிடித்துத் தின்பவை, அவற்றைக் கண்டால் சந்தோஷப்படுங்கள். தெற்குப் பக்கத்திலும் கீழ்க்கொப்பிலும் தட்டிப் பார்க்க மறக்க வேண்டாம், தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

ஒரு தட்டுக்குப் பத்துக்குள் என்றால் தண்ணீரே மருந்து. ஹோஸின் நுனியில் வேகமாகப் பீச்சும் மூக்கைப் பூட்டி, காலை நேரத்தில் கீழிருந்து மேலாக, கொப்பை விலக்கி உட்பக்கமும் அடியுங்கள். கிழமைக்கு இரண்டு தரமாக மூன்று கிழமை. வலையும் முட்டையும் பேனும் கழுவுப்பட்டுப் போகும், உள்ளே அடைந்திருக்கும் காய்ந்த இலையும் விழுந்து காற்றோட்டம் வரும். அதற்கு மேலே இருந்தால் பூச்சிக்கொல்லிச் சவர்க்காரக் கரைசல், ஏழு நாள் இடைவெளியில் மூன்று தரம். சவர்க்காரம் முட்டையைக் கொல்லாது, பட்ட பேனை மட்டும்தான் கொல்லும், அதனால்தான் மூன்று தரம். சமையலறைப் பாத்திர லிக்விட்டைக் கரைத்து அடிக்கிற வைத்தியம் இலையின் மெழுகைக் கழுவி எரித்துவிடும்.

போன வருடம் பேன் இருந்த மரத்துக்கு, ஏப்ரலில் குருத்து விரிய முன் டோர்மன்ட் எண்ணெய் (மரம் உறங்கும் காலத்தில் அடிக்கும் தோட்ட எண்ணெய்) அடித்தால் முட்டை மூச்சடைத்துச் சாகும். போத்தலில் எழுதிய அளவை மீறாதீர்கள். வெப்பம் 5 பாகைக்கு மேலே, அடுத்த இரவு உறையாது என்று தெரிந்த நாளாக இருக்க வேண்டும். சாண்டர்ஸ் புளூ என்று நீலப் பூச்சோடு வரும் வகைக்கு எண்ணெய் அடித்தால் நீலம் போய்விடும்.

ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் 22 முதல் வீட்டுத் தோட்டத்தில் அழகுக்காக மட்டும் அடிக்கும் பூச்சிக்கொல்லிகளுக்குத் தடை. சவர்க்காரமும் எண்ணெயும் இன்னும் கிடைக்கும். எல்லை தாண்டிப் போய்க் கடும் மருந்து கொண்டுவந்து அடிக்கிறவர்கள் சட்டத்தை மீறுவதோடு காரியத்தையும் கெடுக்கிறார்கள். செவின் போன்ற கடும் பூச்சிக்கொல்லிகள் முதலில் கொல்வது அந்த விறுவிறு நல்ல பேன்களை. அவை இல்லாத இடத்தில் சிலந்திப் பேன் இரண்டு மடங்காகத் திரும்பி வரும்.

வின்டருக்கு முன்னும் பின்னும்

நவம்பரில் மண் உறையும் வரை தண்ணீர் விடுங்கள். இலைமரம் இலையைக் கொட்டிவிட்டு உறங்கும். இது பச்சையோடு நிற்கிறபடியால் வெய்யிலும் காற்றும் ஊசியிலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கீழே மண் பாறை, வேரால் எடுக்க முடியாது. அதுதான் மார்ச்சில் தெரிகிற செம்பட்டை. முதல் இரண்டு வின்டருக்கு, காற்றும் வெய்யிலும் அடிக்கும் பக்கத்தில் மூன்று தடி நட்டுச் சாக்குத் துணியைத் திரை போலக் கட்டுங்கள், மரத்தில் முட்டாமல் ஓரடி தள்ளி. மரத்தையே மூட்டை கட்டுவது, அதிலும் பிளாஸ்ரிக்கால் சுற்றுவது, உள்ளே அவித்துவிடும்.

ஸ்னோ நிறையக் குந்தினால் விளக்குமாற்றால் கீழிருந்து மேலாகத் தட்டிவிடலாம். ஐஸ் மழை பூட்டினால் தொடாதீர்கள், கொப்பு முறியும், தானாக உருகட்டும்.

வசந்தத்தில் ஒரு பக்கம் சிவந்திருந்தால் உடனே கத்தரிக்கோலை எடுக்க வேண்டாம். ஊசியிலை செத்தாலும் மொட்டு உயிரோடு இருக்கலாம். ஜூன் நடுப்பகுதி வரை பொறுங்கள். துளிர்க்காத கொப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்து, உள்ளே பச்சை இல்லை, உலர்ந்த கபிலம்தான் என்றால் வெட்டுங்கள்.

உச்சியிலோ பக்கத்திலோ திடீரென்று ஒரு கொப்பு வேறு மரம் போல, நீண்ட தடித்த ஊசியிலையோடு ஒரே வருடத்தில் ஓரடி பாய்ந்தால், அது பழைய வெள்ளை ஸ்புரூஸ் குணம் திரும்பினது. "நன்றாக வளருது" என்று விட்டால் சில வருடத்தில் அந்தக் கொப்பே மரமாகி, குட்டை மரம் அதன் காலடியில் ஒரு பாவாடை மாதிரி நிற்கும். நுனியைக் கிள்ளினால் போதாது, தோன்றிய இடத்தோடு வெட்டி எடுக்க வேண்டும், கண்ட வருடமே. மற்றபடி கத்தரிப்பு தேவையில்லை. வடிவம் பிசகினால் ஜூனில் புதுக்குருத்தின் பாதியை மட்டும் வெட்டலாம், இலையில்லாத மரக்கட்டைக்குள் போகக்கூடாது.

நத்தார்ச் சாடி மரம்

நவம்பர் கடைசியில் மினுக்கத் தாள் சுற்றி, சிவப்பு நாடா கட்டிப் பலசரக்குக் கடை வாசலில் விற்பதும் இதே மரம்தான். வீட்டுக்குள் ஒரு கிழமை, மிஞ்சினால் பத்து நாள். ஹீற்றர் காற்றின் சூட்டில் அதற்கு மேல் வைத்தால் வசந்தம் வந்துவிட்டது என்று மொட்டு வீங்கும். பிறகு வெளியே வைத்தால் ஓர் இரவு போதும் அதைக் கொல்ல. மினுக்கத் தாளின் அடியைக் கிழித்து, கீழே தட்டு வையுங்கள். உள்ளே கொண்டுவர முன்னும் வெளியே கொண்டுபோக முன்னும் சூடேற்றாத கராஜில் மூன்று நாள். நத்தார் முடிந்ததும் அதே கராஜில் யன்னலோரம் வைத்து, மண் உறையாமல் இருக்கும்போது மூன்று நான்கு கிழமைக்கு ஒரு தரம் கொஞ்சம் தண்ணீர் காட்டி, ஏப்ரல் கடைசியில் நிலத்தில் நடலாம். செயற்கை ஸ்னோ தெளித்த கன்றை வாங்கவே வேண்டாம், அது கழுவினாலும் போகாது.

வருடம் முழுக்கச் சாடியில்தான் வைக்கப் போகிறீர்கள் என்றால் 45 சென்ரிமீற்றருக்குக் குறையாத அகலம், உறைந்தால் வெடிக்காத சாடி, அடியில் துளை. வேருக்கு மேற்கொப்பின் அளவு குளிர் தாங்கும் சக்தி இல்லை. நிலத்தில் மண்ணே போர்வை. சாடியில் நான்கு பக்கமும் காற்று. வின்டரில் சாடிகளை ஒன்றாக நெருக்கி வீட்டின் வடக்கு அல்லது கிழக்குச் சுவரோரம் வைத்து, இளகுகிற நாட்களில் தண்ணீர் விடுங்கள்.

ஊருக்குக் கொண்டுபோய் யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ வைக்கலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. உறங்குவதற்குக் குளிர்காலம் இல்லாத இடத்தில் இது தேறாது. அங்கே வீட்டு முற்றங்களில் தட்டையான விசிறி இலையோடு நிற்கும் துயாதான் அந்த வெக்கைக்குப் பொருந்தும்.

சோடியில் ஒன்று பாதிக்கு மேல் காய்ந்துவிட்டால் அதைக் காப்பாற்ற மெனக்கெட வேண்டாம். மொட்டையான பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி நடுகிற யோசனை சின்னக் கன்றுக்குச் சரிவரும். இடுப்புக்கு மேலே வளர்ந்ததைத் தோண்டினால் வேர் அறுந்து மிச்சமும் போகும். அடியோடு எடுத்துவிட்டு, அதே கிடங்கில் இன்னொரு அல்பேர்ட்டா ஸ்புரூஸை வைக்காதீர்கள். முதலாவதைக் கொன்ற சுவரும் கூரையும் அங்கேயேதான் இருக்கின்றன. அந்த இடத்துக்கு வெய்யில் நன்றாக விழுமென்றால் நிமிர்ந்து வளரும் ஜூனிபர், நிழலென்றால் யூ (yew) என்ற ஊசியிலைச் செடி. யூவின் இலையும் விதையும் நஞ்சு, தவழும் பிள்ளையோ நாயோ உள்ள வீட்டில் அதையும் தவிருங்கள். சோடியாகத்தான் வேண்டுமென்றால் இரண்டையும் எடுத்துவிட்டு ஒரே நாளில், ஒரே அளவில் இரண்டை வாங்குங்கள். தனித்து நிற்கும் பழையதன் உயரத்தைப் புதியது எட்டிப் பிடிக்கப் பத்து வருடம் காத்திருக்க வேண்டும்.